எழுபது உருப்படிகள்: தெலோனியஸ் மங்கைக் கேட்ட விதங்கள்

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் இயற்றியவை ஏறத்தாழ எழுபது உருப்படிகள். டியூக் எலிங்டன் ஆயிரத்துக்கும் மேல் எழுதிக் குவித்தவர். அவருக்கு அடுத்தபடியாக ஜாஸ் கலைஞர்கள் அதிகம் பதிவு செய்திருப்பது மங்கின் மெட்டுகளைத்தான் என்று பரவலாகச் சொல்வார்கள். அவர் வாழ்ந்த காலத்துப் பத்திரிகைகளோ அவருடைய விதவிதமான தொப்பிகளையும், பியானோவை விட்டு எழுந்து மேடையில் சுற்றிச் சுற்றி ஆடுவதையும், கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதையும் எழுதித் தீர்த்தன. மங்க் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி, இந்தக் கிறுக்கர் பிம்பத்தைக் கீறி உள்ளே இருந்த இசையமைப்பாளரை வெளியே எடுக்கும் வேலையாகவே இருந்திருக்கிறது.

அவர் பிறந்தது 1917 அக்டோபர் 10, வட கரோலினாவின் ராக்கி மவுண்டில். 1922இல் அம்மா பார்பரா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் வந்து, மேற்கு 63ஆம் தெருவில் குடியேறினார். தென்மாநிலக் கறுப்பின மக்களும் கரீபியத் தீவுக்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த வட்டாரம் அது. பையனுக்குச் சைமன் உல்ஃப் செவ்வியல் பியானோ சொல்லிக்கொடுத்தார். ஆல்பர்ட்டா சிம்மன்ஸ் ஹார்லெமின் ஸ்டிரைட் பியானோ பாணியைக் கற்றுத்தந்தார். பதின்வயதில் ஒரு பெண் பிரசங்கியாரோடு ஊர் ஊராகப் போய் ஜெபக்கூட்டங்களில் வாசித்தார். முறையாகப் படிக்காதவர், விரல் ஓடாதவர் என்று பின்னாளில் விமர்சகர்கள் கிளப்பிய வசையை இந்தத் தகவல்களே அடித்துப்போடுகின்றன. வரலாற்றாசிரியர் ராபின் கெல்லி பதினான்கு ஆண்டுகள் உழைத்து 2009இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறுதான் இவற்றை ஆவணங்களோடு நிறுவியது. மங்கைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படிப்பதென்றால் அதைத்தான் படிக்க வேண்டும்.

1940களின் தொடக்கத்தில் ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதியில் அவர் நிரந்தரப் பியானோக்காரர். பீபாப் என்ற புதுவகை ஜாஸ் உருவான இடங்களில் அது முக்கியமானது. அதன் முன்னோடிகளான டிஸ்ஸி கில்லஸ்பியும் சார்லி பார்க்கரும் மின்னல் வேகத்தில் போனபோது, மங்க் ஸ்வரங்களுக்கு நடுவே இடம் விட்டுக்கொண்டிருந்தார். பீபாபின் ஸ்வரக்கட்டுகளில் பலவற்றுக்கு அவர் மூலகர்த்தா. அதன் வேகத்தில் அவருக்கு நாட்டமில்லை. 1947இல், முப்பது வயதில், புளூ நோட் நிறுவனம் அவர் பெயரில் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது. விளம்பரத்துக்காக அவரைப் பீபாபின் தலைமைப் பூசாரி ஆக்கியது. தட்டுகள் விற்கவில்லை, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவருடைய கைவேலையைப் பார்க்க 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்' ஒன்றே போதும். 1951இல் பதிவானது. பன்னிரண்டு அளவு கொண்ட புளூஸ், அதாவது ஜாஸில் எல்லோரும் முதலில் பழகும் சட்டகம். அதற்குள் மங்க் வைத்தது கையளவு ஸ்வரங்கள் கொண்ட ஒரு சின்னத் துணுக்கு. அது திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் தாளத்தில் வேறொரு இடத்தில் விழுகிறது, சில முறை வால் நீள்கிறது. எடுப்பு மாறும் பல்லவியைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த விளையாட்டு உடனே பிடிபடும். மெட்டையே தாளக் கணக்காக எழுதியிருக்கிறார். மனோதர்மத்துக்கு இறங்குபவர் அந்தக் கணக்கைத் தொடர்ந்தாக வேண்டும். வெறும் ஸ்வரக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினால் உருப்படி கைவிட்டுப் போகும். அதேபோல, அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி ஒன்றை மட்டும் விடுவிப்பார். கமகத்துக்கு வழியில்லாத பியானோவில், இரு கட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்வரம் இருப்பதாகக் காது ஏமாறும். அதைத் தப்பான ஸ்வரம் என்று எழுதியவர்கள் ஏராளம்.

1951இல் சக பியானோ கலைஞர் பட் பவலோடு ஒரு காரில் இருந்தபோது போதைப்பொருள் வழக்கில் போலீஸ் பிடித்தது. மங்க் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, சிறைக்குப் போனார். கூடவே 'கேபரே கார்டு' பறிபோனது. நியூயார்க்கில் மது விற்கும் விடுதியில் வாசிக்க வேண்டுமானால் போலீஸ் தரும் இந்த அட்டை கையில் இருக்க வேண்டும். கலைஞன் பிழைப்பைக் காவல்துறையின் சட்டைப்பையில் வைத்த இந்த ஏற்பாடு 1967 வரை நீடித்தது. ஆறாண்டுக் காலம் சொந்த ஊரின் விடுதிகளில் அவரால் வழக்கம்போல் வாசிக்க முடியவில்லை. மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். இந்த இடைவெளிதான் அவரை இசையமைப்பாளராகப் பழுக்க வைத்தது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அது ஒப்புக்கொள்ள முடியாத வாதம். அவருடைய 'ரவுண்ட் மிட்நைட்' 1944லேயே கூட்டி வில்லியம்ஸ் குழுவின் பதிவில் வந்துவிட்டது. கார்டு பறிபோகும் முன்பே அவர் பழுத்தவர்தான்.

1955இல் ரிவர்சைடு நிறுவனம் 108 டாலர் சொச்சத்தைக் கட்டி, அவரைப் பழைய ஒப்பந்தத்திலிருந்து மீட்டுக்கொண்டது. தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ், ரசிகர்கள் மிரளக் கூடாதென்று முதலில் எலிங்டன் பாடல்களை வாசிக்க வைத்தார். பிறகு வந்தது 1956இல் பதிவான 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்'. தலைப்பு உருப்படி வழக்கமான 32 அளவுக்குள் அடங்காதது. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வேகம் இரட்டிக்கும். சாக்ஸஃபோனில் சோனி ராலின்ஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். அப்பேர்ப்பட்ட ஆட்கள் இருந்தும், இருபத்தைந்து முறை முயன்று ஒன்றுகூட முழுதாக வரவில்லை. கீப்நியூஸ் நாடாவை வெட்டி ஒட்டித்தான் நாம் கேட்கும் வடிவத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டு கார்டு திரும்பக் கிடைத்தது. ஃபைவ் ஸ்பாட் விடுதியில் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்தார். அந்தக் கூட்டணி கார்னகி ஹாலில் 1957 நவம்பரில் வாசித்த நிகழ்ச்சியின் நாடா 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. கோல்ட்ரேன் அந்த மெட்டுகளின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்து வாசிப்பது அதில் தெளிவாகக் கேட்கிறது.

இதே காலத்தில்தான் விமர்சனமும் விழித்தது. பிரான்சில் ஆந்த்ரே ஓதேர், அமெரிக்காவில் குந்தர் ஷுல்லர், இருவரும் இசையமைக்கத் தெரிந்தவர்கள், மங்கின் அமைப்புமுறையை அலசத் தொடங்கினார்கள். சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டீவ் லேசி 1958இல் ஒரு தட்டு முழுக்க மங்கின் உருப்படிகளையே வாசித்தார். அப்போது வேறு யாரும் அப்படிச் செய்திருக்கவில்லை.

1962இல் கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தம், 1964இல் டைம் இதழின் அட்டைப்படம். புகழ் வந்த பிறகு புதிய உருப்படிகள் அருகின. அதே பட்டியல், அதே வரிசை: மெட்டு, சார்லி ரவுஸின் சாக்ஸஃபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ், மறுபடி மெட்டு. சலிப்பூட்டுகிறார் என்று அன்றே முணுமுணுத்தார்கள். குழு வாசிப்பைப் பொறுத்தவரை அந்த முணுமுணுப்பில் நியாயம் உண்டு. சில கொலம்பியா தட்டுகளை எனக்கும் ஒரே மூச்சில் கேட்க முடிவதில்லை. பியானோ மட்டும் தனித்து வரும்போது கதையே வேறு. நாற்பது முறை வாசித்த மெட்டில் ஒரு ஸ்வரத்தை எங்கே தாமதிக்கலாம் என்று அவர் இன்னமும் தேடிக்கொண்டிருப்பது புரியும்.

மனநோயும் அதற்குத் தந்த மருந்துகளும் அவரை உருக்கின. 1970களின் நடுவில் மேடையை விட்டவர், புரவலர் நிகாவின் நியூஜெர்சி வீட்டில் பியானோவைத் தொடாமலே ஆறாண்டு இருந்து, 1982 பிப்ரவரி 17 அன்று இறந்தார். புலிட்சர் சிறப்பு விருது 2006இல்தான் வந்தது.

2005இல் ஜெர்மானியப் பியானோ கலைஞர் அலெக்சாண்டர் ஃபோன் ஷ்லிப்பன்பாஹ், மங்கின் உருப்படிகள் மொத்தத்தையும் மூன்று குறுந்தட்டுகளில் அடக்கினார். தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, இன்று ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் விஜய் ஐயர், 2010இல் வெளியிட்ட 'சோலோ' தட்டில் மங்கின் 'எபிஸ்ட்ரஃபி'யை வாசித்திருக்கிறார். தாளத்தில் உடலுக்கு உள்ள பங்கைப் பற்றி முனைவர் பட்டம் பெற்றவர் அவர். பழைய விமர்சகர்கள் கேலி செய்த அந்த மேடை ஆட்டம், இப்படிப்பட்டவர்களுக்கு ஆராய்ச்சிப் பொருள்.