நியூஸ் பொத்தானை யார் ஒளித்து வைத்தது?

போன வாரம் பழைய பெட்டியைக் குடைந்தபோது ஒரு துண்டுத்தாள் கிடைத்தது. என் கையெழுத்துதான். "டூல்ஸ், கஸ்டமைஸ், கமாண்ட்ஸ், கோ, நியூஸ். பிடித்து இழுத்து மேலே விடவும்." அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் கணினி அறைச் சுவரில் ஒட்டி வைத்த தாள். பசை காய்ந்த தடம் பின்பக்கம் இன்னும் இருக்கு. இந்த நாலு வரியை எதற்குச் சுவரில் ஒட்ட வேண்டி வந்தது என்று யோசித்தபோது எழுதியதுதான் இந்தக் குறிப்பு.

இளையவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. இப்போது ரெட்டிட்டிலும் டெலகிராம் குழுவிலும் நடக்கும் பேச்சு ஒரு காலத்தில் யூஸ்நெட் செய்திக்குழுக்களில் நடந்தது. 1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த ஏற்பாடு அது. ஒருவர் எழுதும் கடிதம் ஒரு சர்வரில் இருந்து இன்னொரு சர்வருக்கு நகல் நகலாகப் போகும். அந்தக் குழுவைப் படிக்கிற எல்லோருக்கும் கிடைக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் தன் இயங்குதளத்தைப் பற்றி 1991-இல் முதலில் சொன்னது காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ் குழுவில். தமிழர்களுக்கும் சாக்.கல்ச்சர்.தமிழ் என்று ஒரு குழு இருந்தது. தமிழை ரோமன் எழுத்தில் தட்டிச் சண்டை போட்ட இடம்.

இந்தக் குழுக்களைப் படிக்கத் தனி மென்பொருள் வேண்டும், அல்லது அஞ்சல் மென்பொருளிலேயே அந்த வசதி இருக்க வேண்டும். அன்று எங்கள் கணினிகளில் இருந்தது மைக்ரோசாஃப்ட் அவுட்லுக். விஷயம் இங்கேதான் ஆரம்பிக்குது.

அவுட்லுக் 2000-இல் "வியூ" மெனுவில் "கோ டூ" என்பதற்குள் போனால் "நியூஸ்" என்று ஒரு வரி இருந்தது. 2003 பதிப்பில் அது கண்ணுக்குத் தெரியும் மெனுவில் இல்லை. ஆனால் நீக்கவும் இல்லை. கஸ்டமைஸ் பெட்டியைத் திறந்து, கமாண்ட்ஸ் பக்கத்துக்குப் போய், இடது பக்கப் பட்டியலில் "கோ" என்பதைத் தேர்ந்து, வலது பக்கம் "நியூஸ்" வரும்வரை உருட்டி, அதை எலியால் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து கருவிப்பட்டையில் போட வேண்டும். பிறகு அது மற்ற பொத்தான்களோடு சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும்.

இதைப் பலர் பாராட்டித்தான் எழுதினார்கள். "வேண்டியவர் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவருக்குத் தொல்லை இல்லை." கேட்க நியாயமாகத்தான் இருக்கு. எனக்கு இதில் மூன்று மனக்குறைகள்.

முதல் குறை. இந்த ஏற்பாடு யாருக்கு உதவும்? செய்திக்குழு என்று ஒன்று உண்டு என்று தெரிந்தவருக்கு. அதை அவுட்லுக்கிலிருந்து திறக்கலாம் என்றும் தெரிந்தவருக்கு. ஐந்து படி தாண்டிப் போய் எடுக்கலாம் என்றும் தெரிந்தவருக்கு. இவ்வளவும் தெரிந்த ஆளுக்கு அந்தப் பொத்தானே தேவையில்லையே! டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். யாருக்கு உண்மையில் அது வேண்டுமோ, அவருக்கு அது இருப்பதே தெரியாது. கதவை வீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "பூட்டவில்லையே, யார் வேண்டுமானாலும் வரலாமே" என்று சொல்வது மாதிரி.

இரண்டாவது குறை. அந்தப் பொத்தான் சொல்வது முழு உண்மை இல்லை. அவுட்லுக்குக்குள் செய்திக்குழு படிக்கும் வசதி கிடையாது. பொத்தானை அமுக்கினால் திறப்பது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் அது வேறு மென்பொருள். இந்த வழியாகப் போனால் தலைப்பில் "அவுட்லுக் நியூஸ்ரீடர்" என்று போட்டுக்கொண்டு, அஞ்சல் பகுதியை மறைத்துக்கொண்டு வரும். ஆக, கருவிப்பட்டையில் அஞ்சலுக்குப் பக்கத்தில் நியூஸ் இருப்பதைப் பார்த்து இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று நம்பினால் ஏமாற்றம்தான். அவுட்லுக்கில் வைத்திருக்கும் விதிகள், அடைவுகள், தேடல் எதுவும் அங்கே செல்லாது. குழுவில் நல்ல பதில் ஒன்றைப் பார்த்து, அதை அஞ்சல் அடைவில் போட்டு வைக்கலாம் என்று நினைத்தால் அதற்கும் சுற்று வழிதான்.

பெயரும் சிக்கல். "நியூஸ்" என்றால் நம் ஊரில் யாருக்குச் செய்திக்குழு நினைவுக்கு வரும்? என் அறை நண்பர் அதை அமுக்கிவிட்டு, தலைப்புச் செய்தி வரும் என்று அரை நிமிடம் காத்திருந்தார். வந்தது சர்வர் பெயர் கேட்கும் பெட்டி. மூடிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தன்னளவில் இந்த வேலையை மோசமாகச் செய்யவில்லை. அஞ்சல் அடைவில் நின்றால் ஒரு கருவிப்பட்டை, செய்திக்குழுவில் நின்றால் வேறு கருவிப்பட்டை காட்டும். குழுவில் நிற்கும்போது "ரிப்ளை குரூப்" என்று ஒரு பொத்தான், "ரிப்ளை" என்று இன்னொன்று. முதலாவதை அமுக்கினால் பதில் குழுவுக்கே போகும், இரண்டாவதை அமுக்கினால் எழுதியவருக்கு மட்டும் அஞ்சலாகப் போகும். தண்டர்பேர்டில் இதே வேலைக்கு "ஃபாலோ-அப்" என்று பெயர். யூஸ்நெட்டின் பழைய சொல் அதுதான், மரபுப்படி சரிதான். ஆனால் புதிதாக வருகிறவருக்கு "ஃபாலோ-அப்" என்றால் என்ன புரியும்? பொதுவில் பேசுகிறோமா, தனியாகப் பேசுகிறோமா என்பதை எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடும் பொத்தான் தான் நல்ல பொத்தான். இந்த ஒரு இடத்தில் எக்ஸ்பிரஸுக்குத்தான் என் ஓட்டு.

அதே நேரம் தண்டர்பேர்ட் வேறொன்றைச் சரியாகச் செய்தது. செய்திக்குழு சர்வரை ஒரு கணக்காகச் சேர்த்துவிட்டால், இடது பக்க அடைவுப் பலகையில் உங்கள் அஞ்சல் கணக்குக்குக் கீழேயே அது நிற்கும். பொத்தான் தேட வேண்டாம், இழுக்க வேண்டாம். தினமும் அஞ்சல் பார்க்கும்போது கண்ணில் படும். கருவிப்பட்டையைத் திருத்தி அமைப்பது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பொருளைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் திருத்தமே தேவைப்படாது.

மூன்றாவது குறைதான் எனக்கு முக்கியம். அதற்கு அந்தத் துண்டுத்தாளின் கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இளையவர் ஒருவர் லாடெக்கில் ஆய்வேடு தட்டிக்கொண்டிருந்தார். அடிக்குறிப்புகள் பக்கம் மாறி விழுந்தன. சரிசெய்யத் தெரியவில்லை. அந்த நிரல்தொகுப்பை எழுதியவருக்கே அஞ்சல் போட்டார். பதில் இல்லை. மறுபடி போட்டார். அதற்கும் இல்லை. மூன்று வாரம் இப்படியே போனது. ஏடு ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோது என்னிடம் வந்து, "அண்ணா, வேர்டுக்கே மாத்திடலாம்னு இருக்கேன்" என்றார். இருநூறு பக்கம். சமன்பாடுகளோடு.

"காம்ப்.டெக்ஸ்ட்.டெக்ஸ் பாத்தியா?" என்றேன்.

"அப்படின்னா?"

அவர் முன்னால் அவுட்லுக் திறந்தே இருந்தது. எங்கள் சர்வரில் அந்தக் குழுவும் வந்துகொண்டிருந்தது. பொத்தானை இழுத்துப் போட்டேன், சர்வர் பெயரைக் கொடுத்தேன், குழுவைத் திறந்தோம். அதே கேள்வியை வேறு யாரோ எப்போதோ கேட்டிருந்தார். கீழே மூன்று பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் காலையில் பொத்தான் இல்லை. எங்கள் கணினி அறையில் இரவானால் பயனர் அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும். காலையில் எல்லாக் கணினியும் புதிதாகப் பிறந்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் தினமும் இழுத்துப் போட்டேன். பிறகு அலுத்துப்போய்த்தான் தாளில் எழுதி ஒட்டினேன்.

அப்போது எரிச்சல் மட்டும்தான். பிறகு வெண்டி மெக்கே 1991-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையைப் படித்தபோது கொஞ்சம் தெளிந்தது. எம்ஐடியின் அதீனா திட்டத்தில் 51 பயனர்களை வைத்து, மனிதர்கள் மென்பொருளை எப்போது திருத்தி அமைக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார். பெரும்பாலும் யாரும் அதில் நேரம் செலவழிக்க விரும்புவதில்லை. மென்பொருள் மாறிவிட்டால் அதைப் பழையபடி நடக்க வைப்பதற்காகத்தான் பலர் கை வைக்கிறார்கள். யாரோ ஒருவர் செய்த திருத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைமாறிப் போவதையும் அவர் தனியாகப் படித்து எழுதியிருக்கிறார்.

சுவரில் ஒட்டிய தாள் இதுதானே? "உங்கள் விருப்பம் போல அமைத்துக்கொள்ளுங்கள்" என்று மென்பொருள் தனி ஆளைப் பார்த்துப் பேசுது. ஆனால் நடப்பில் ஒருவருக்குத் தெரிந்து, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, அப்படித்தான் பரவுது. அந்த அறையில் நான் இல்லாமல் இருந்திருந்தால்? அந்த ஏடு வேர்டுக்குப் போயிருக்கும், அல்லது தேதி தள்ளிப்போயிருக்கும். வடிவமைப்பாளர் செய்ய வேண்டிய முடிவைப் பயனர் தலையில் கட்டிவிட்டு அதற்கு "சுதந்திரம்" என்று பெயர் வைப்பதுதான் என் மூன்றாவது குறை.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் தள்ளிவிட முடியாது. அவுட்லுக்கை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அலுவலகத்துக்காரர்கள். அவர்களுக்கு நாள்காட்டி வேண்டும், அஞ்சல் வேண்டும். யூஸ்நெட் எதற்கு? எல்லாவற்றையும் மேலே அடுக்கினால் பட்டை குப்பையாகிவிடும். உண்மைதான். நான் கேட்பது எல்லோர் பட்டையிலும் பொத்தான் வேண்டும் என்று அல்ல. மெனுவில் ஒரு வரி இருந்ததே, அதை ஏன் எடுத்தீர்கள் என்றுதான். மெனுவை மேய்கிறவர் தற்செயலாக ஒன்றைக் கண்டுபிடிப்பார். கஸ்டமைஸ் பெட்டிக்குள் யாரும் மேய்வதில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். மைக்ரோசாஃப்ட் 2010-இல் தன் செய்திக்குழுக்களை மூடத் தொடங்கியது. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமும் அதே ஆண்டு தன் சர்வரை நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் கூகுள் குழுமம் யூஸ்நெட்டில் புதிதாக எழுதும் வசதியை நிறுத்தி, பழைய சேமிப்பை மட்டும் வைத்துக்கொண்டது. ஒரு பொத்தான் மறைந்ததால் யூஸ்நெட் தேய்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. குப்பை அஞ்சல், வலை மன்றங்கள், தேடுபொறி எனப் பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் புது ஆட்கள் உள்ளே வரும் வழி ஒவ்வொன்றாகக் குறுகியதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. "யாரும் பயன்படுத்துவதில்லை, அதனால் உள்ளே தள்ளுகிறோம்" என்பார்கள். உள்ளே தள்ளியபின், "பாருங்கள், யாரும் பயன்படுத்துவதில்லை" என்பார்கள்.

இன்றும் படிக்க விரும்புகிறவர்களுக்கு: தண்டர்பேர்டில் செய்திக்குழுக் கணக்கு சேர்க்கும் வசதி இன்னும் இருக்கு. இலவசமாகத் தரும் சர்வர்களும் இருக்கின்றன. காம்ப்.டெக்ஸ்ட்.டெக்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். கருவிப்பட்டையில் வலது சொடுக்கினால் திருத்தவும் வழி வரும். முதலில் "ஃபாலோ-அப்" எங்கே, "ரிப்ளை" எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு பிறகு எழுதத் தொடங்குங்கள்.

அந்தத் துண்டுத்தாளை எறியவில்லை. குறிப்பேட்டுக்குள் வைத்துவிட்டேன்.