நாயனம் கேட்க எங்கே நிற்பது?

கல்யாண மண்டபத்தில் மேளக்காரருக்கு நேர் எதிரே நாற்காலி கிடைத்தால், அதிர்ஷ்டம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நாகஸ்வரமும் தவிலும் பிராகாரத்துக்கும் தேரோடும் வீதிக்கும் உரியவை. அவற்றை ரசிக்க ராக ஞானத்துக்கு முன் தேவைப்படுவது சரியான இடம். காரணம், நம் காதின் அமைப்பு.

தள்ளி நில்லுங்கள்

செவித்துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழல். 3,000 ஹெர்ட்ஸ் ஒட்டிய ஒலிகளை அது தானாகவே கூட்டிக் கொடுக்கும். நாயனத்தின் மேல்சுருதிகள் பல அந்தப் பகுதியில் விழுவதால்தான் மைக் இல்லாமலே அடுத்த தெரு வரை எட்டுகிறது. பக்கத்தில் நின்றால் அதுவே சுமை. உரத்த ஒலி வந்ததும் நடுச்செவியின் குட்டித் தசை ஒன்று, உடம்பிலேயே சிறிய எலும்பான அங்கவடியை இழுத்துப் பிடிக்கும். அப்போது முக்கியமாக அடங்குவது தாழ்ந்த ஒலிகள். தவிலின் தொப்பியில் குச்சி எழுப்பும் கும்காரம் மங்கிவிடும். வலந்தலையில் விரல்கூடுகள் பொழியும் சொற்களோ நாயனத்தின் நுண்ணசைவுகளை மூடிவிடும். முப்பது, நாற்பது அடி விலகினால் எல்லாம் பிரிந்து கேட்கும்.

முதலில் ஒத்து

ஆதார ஷட்ஜத்தை விடாமல் பிடிப்பது ஒத்து. இப்போது பெரும்பாலும் சுருதிப் பெட்டி. மாறாத ஒலியை மூளை சீக்கிரமே ஒதுக்கிவிடும். அதனால் ஆலாபனை தொடங்குமுன் வேண்டுமென்றே அதைக் கவனியுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு ஸ்வரமும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று காதே அளக்கத் தொடங்கும்.

தோடியின் காந்தாரம்

உள்செவியின் நத்தைச்சுருளில் உயர்ந்த ஒலிக்கு வாசற்புறம், தாழ்ந்த ஒலிக்கு உச்சி. சவ்வில் அலை ஓடும் விதத்தைக் கண்டறிந்த பெக்கேஷி 1961இல் நோபல் பரிசு பெற்றார். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ஊசலாடும். வித்வான் துளையைப் பாதி மூடி, மூச்சை இறுக்கித் தளர்த்தி ஆட்டும்போது உங்கள் உள்செவியிலும் அந்த அசைவு நடக்கிறது. பழக, திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இசைத்தட்டைக் கேளுங்கள். திமிரி நாயனத்தைவிட நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை அவருக்காக உருவாக்கியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மல்லாரிக்குக் கண்ணை மூடுங்கள்

சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும்போது கீழவீதி முனையில் நில்லுங்கள். தாழ்ந்த ஒலி மூலையைச் சுற்றி வளைந்து வரும். உயர்ந்தது அவ்வளவாக வளையாது. எனவே தவிலின் தொப்பி முதலில் எட்டும். ஊர்வலம் திரும்பியதும் கம்பீர நாட்டை ராகத்தில் நாயனத்தின் கூர்மை திறந்துகொள்ளும். ஒலி இரு காதுகளுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதை வைத்தே சப்பரம் எந்தப் பக்கம் என்று கண் திறக்காமல் சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை

ஒலியை உணர, காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள். போனால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. 85 டெசிபலுக்கு மேல் நெடுநேரம் கேட்பது அவற்றுக்குக் கேடு. மண்டபத்தில் மைக் வைத்திருந்தால் ஸ்பீக்கர் இல்லாத மூலையைத் தேடுங்கள். கைக்குழந்தையோடு தவிலருகே நிற்கவே வேண்டாம்.