ஐந்து மணிக்கு எழுப்பியவர்

பாடசாலை மண்டபங்களிலே, "வெற்றியாளரின் நேர முகாமைத்துவம்" என்னும் பொருள்பற்றி, வெளியூரிலிருந்து வரும் ஒருவர் ஒலிவாங்கியைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுவதும் பிரசங்கம் செய்வதும், முடிவில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதிகாலை 5 மணி தொடக்கம் இரவு 10 மணி வரை கட்டங்கட்டமாய் அச்சிட்ட நேரசூசி ஒன்றைக் கொடுத்து, அதைப் படிக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டும்படி சொல்லிச் செல்வதும் இப்பொழுது நம் கிழக்கு மாகாணத்திலும் வழக்கமாகிவிட்டன. படிக்கும் மேசை எல்லா வீட்டிலும் உண்டா என்று ஒருவரும் கேட்பதில்லை. இவ்வழக்கத்தைத் திறனாய்வுக்கு உரிய பொருளாக நான் மதித்ததில்லை. ஆயினும், என் மதிப்புக்குரிய நண்பரும் ஓய்வுபெற்ற ஆசிரியருமாகிய ஒருவர் அதை ஆதரித்துப் பேசுகையில், செல்வமும் செல்வாக்கும் ஏற்றத்தாழ்வாய்ப் பங்கிடப்பட்ட இவ்வுலகிலே காலம் ஒன்றுதான் கொழும்புக் கோடீசுவரருக்கும் பூமரத்தடிச்சேனைக் கூலிக்காரருக்கும் 24 மணியென்று ஒரே அளவாய் அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னாரே, அந்த வாக்கியத்தைக் கேட்ட பின்னர் வாளாவிருத்தல் எனக்கு இயலவில்லை.

நன்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். கிரமமாய் வேலை செய்பவன் கிரமமின்றிச் செய்பவனைவிட அதிகம் செய்வான் என்பதற்குப் பிரமாணம் வேண்டியதில்லை. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு ஓர் ஒழுங்கைக் கற்பித்தல் உபகாரமே. ஸ்டீபன் கவி 1989இல் வெளியிட்டு உலகப் பிரசித்தி பெற்ற நூலில், அவசரமான கருமம் வேறு, முக்கியமான கருமம் வேறு என்று பிரித்துக் காட்டியது அலுவலக மேசையில் இருப்போர்க்குப் பிரயோசனமான போதனை என்பதிலும் எனக்கு ஆட்சேபமில்லை. இவ்வளவு போதும்.

வெற்றியாளரின் வழக்கங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பது எல்லோரும் சொல்லும் ஆட்சேபம். அதை நான் பெரிதாய் எடுக்கப்போவதில்லை. சேர்ச்சில் காலை 11 மணிவரை கட்டிலிற் படுத்தபடியே அலுவல் பார்த்தார், பகலில் உறங்கினார், நள்ளிரவு கடந்தும் செயலாளர்களை இருத்திவைத்து எழுத்து வேலை வாங்கினார். நண்பகலை அண்டியே படுக்கையை விட்டெழும் பழக்கமுடைய தெக்கார்த்து என்னும் தத்துவஞானியைச் சுவீடன் நாட்டு அரசி கிறிஸ்தினா தமக்குப் பாடஞ் சொல்ல வரவழைத்து, குளிர்காலத்து அதிகாலை 5 மணியைப் பாடவேளையாக விதித்தாள்; சில வாரங்களில், 1650 பெப்ரவரியில், அவர் நுரையீரல் நோய்கண்டு மாண்டுபோனார். ஐந்து மணியின் மகிமையைப் பாடுவோர் இக்கதையைச் சொல்வதில்லை. ஆனால் இதிலே வேடிக்கையினும் மேலான ஒரு விஷயம் இருக்கிறது: ஞானி எந்நேரம் எழவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் ஞானியல்லர், அரசி. என் நெடுநாளைய ஆட்சேபம் அவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

ஒருவன் தன் நேரத்தை ஆள்கிறான் என்று நாம் வியக்கும்போது, பெரும்பாலும் அவன் ஆள்வது பிறருடைய நேரத்தை. நேரசூசியிலே அவன் பெயர் மட்டும் இருக்கும். கட்டங்களைக் காலியாக்கிக் கொடுத்தவர் பெயர் இராது. எல்லோர்க்கும் 24 மணி என்ற சித்தாந்தத்தை இக்காலத்தார்க்குப் பிரசித்தமாக்கியவர் ஆங்கில நாவலாசிரியர் ஆர்னல்ட் பெனற். 1908ஆம் ஆண்டளவில், லண்டன் எழுதுவினைஞர்களுக்காக அவர் எழுதிய சிறு நூலில், காலத்தின் இராச்சியத்திலே பணக்காரர் ஏழை என்ற பேதமில்லை என்ற கருத்தை அழகாகவே நிலைநாட்டுகிறார். ஆனால் அதே நூலில், வேலைக்காரர் விழித்துத் தேநீர் தருமுன் எழுந்து என்ன செய்வதென்று முறையிடும் வாசகருக்கு அவர் கூறும் மறுமொழியைப் பாருங்கள்: மலிவான சாராய விளக்கொன்று வாங்கிக்கொள்ளலாம், தட்டும் கோப்பையும் தேயிலையும் எடுத்துவைக்குமாறு வீட்டிலுள்ள அந்தப் பெண்ணுக்கு, அவள் யாராயிருந்தாலும், முதல்நாள் இரவே சொல்லிவைத்தாற் போதும் என்கிறார். அவள் யாராயிருந்தாலும்! காலத்தின் இராச்சியத்தில் பேதமில்லையென்று முழங்கிய நூலில், இரவு கடைசியாகப் படுத்து அந்தத் தட்டை ஒழுங்குசெய்த பெண்ணின் 24 மணிநேரம் கணக்கில் வரவில்லை. அவளுக்கு ஒரு பெயர் கொடுக்கவும் நூலாசிரியருக்குத் தோன்றவில்லை.

இவ்விஷயத்தில் அவரினும் நேர்மையானவர் அந்தனி திரொலப். தபால் திணைக்களத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவரும் நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தவருமாகிய இவரை நேர முகாமைத்துவக்காரர் தங்கள் குலதெய்வமாகவே கொண்டாடுவர். காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்வதும், கடிகாரத்தை முன்னே வைத்துக் கால்மணிக்கு 250 சொல் வீதம் எழுதுவதும், தாம் காலையுணவுக்கு உடைமாற்றுமுன் அன்றைய இலக்கியப் பணியை முடித்துவிடுவதும் அவர் வழக்கம். 1883இல் வெளிவந்த சுயசரிதையில் இதையெல்லாம் விவரித்த அவர், தம்மை எழுப்புவதற்கென்று ஒரு வயோதிகக் குதிரைக்காரரை அமர்த்தி, அதன்பொருட்டு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாய்க் கொடுத்ததையும், அந்த மனிதர் அத்தனை ஆண்டுகளில் ஒருநாளேனும் காப்பி கொண்டுவரப் பிந்தியதில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். தம் வெற்றிக்கு வேறெவரைக்காட்டிலும் அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டார். திரொலப் ஐந்தரைக்கு மேசையில் இருந்தாரெனின், அடுப்பு மூட்டி, நீர் காய்ச்சி, இருட்டில் படியேறி வந்த கிழவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? அவர் எத்தனை நாவல் எழுதினார்? கால்மணிக்கு 250 சொல் என்ற கணக்கை எடுத்தாள்வோர் 5 பவுண் கணக்கை மட்டும் விட்டுவிடுகிறார்களே, அதை மறதியென்று நான் நம்பமாட்டேன். அதைச் சொன்னால் வித்தை பலிக்காது.

இம்மானுவேல் காண்ட் நாடோறும் காலை 5 மணிக்கு எழுந்தாரென்றால், சுமார் 40 ஆண்டுக்காலம் அவரை எழுப்பியவர் மார்ட்டின் லாம்பே என்ற பழைய போர்வீரர். இடுப்பில் கடிகாரம் தொங்கவிட்டிருந்த காந்தியடிகளின் நேரந்தவறாமையை நாம் பள்ளிப் பருவம் முதற் கேட்டிருக்கிறோம். 1917 தொடக்கம் 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் உயிர்விடும்வரை அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் சந்திப்புகளையும் தாங்கிய மகாதேவ தேசாய், அடிகள் எழுமுன் எழுந்து அவர் படுத்தபின் படுத்தார் என்பதைக் கேட்டவர் சிலர். தேசாய் மனமுவந்து கொடுத்தார், அது தியாகம். ஆனால் தியாகத்தைப் பெற்றவரின் வழக்கத்தை மட்டும் எடுத்து ஊர்ப்பிள்ளைக்குப் போதிப்பது எந்த நியாயம்?

இனி நம் கிழக்கு மாகாணத்து வெருகலுக்கு வருவோம். ஈச்சிலம்பற்றிலும் வட்டவனிலும் வாழைத்தோட்டத்திலும் ஐந்து மணிக்கு எழுவது ஒரு சாதனையாக எவருக்கும் தோன்றியதில்லை. கடலுக்குப் போகிறவர் அதற்கு முன்பே போய்விடுவார். பெரும்போக வேளாண்மை கதிர்தள்ளும் காலத்தில் வயலில் காவலிருப்பவர் உறங்குவதேயில்லை. பரணிலே ஒரு டோர்ச்சு லைட்டும் நாலு யானைவெடியும் ஒரு போத்தல் பிளேன்டியுமாக இருந்து, அடுத்த வட்டையில் வெடி கேட்டால் எழுந்து நின்று, மறுபடி குந்தி, கிழக்கு வெளுத்த பின் வீட்டுக்கு வந்து பாயிற் சாய்பவருக்கு, அந்த நேரசூசியின் முதற்கட்டத்தில் எழுதியிருப்பதென்ன? "துயிலெழல்; தியானம்; அன்றைய இலக்குகளை எழுதுதல்." யானை எந்த மணிக்கு வருமென்று அவர் தீர்மானிப்பதில்லை, வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறக்கப்படுமென்பதைத் தீர்மானிப்பது பயிர்ச்செய்கைக் கூட்டம், கையொப்பம் எப்போது கிடைக்குமென்பது உத்தியோகத்தரின் சௌகரியம். இவருக்கும் 24 மணிதான், ஐயமில்லை. அவற்றுள் எத்தனை மணி இவருடையவை என்பதே கேள்வி.

கடிகாரமே இப்பகுதி மக்களுக்குச் சொந்தமாயிருந்ததில்லை. மின்சாரத்தை மீதப்படுத்தவென்று 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டுக் கடிகாரங்களை ஒரு மணிநேரம் முன்தள்ளி, அக்டோபரில் அரைமணி பின்னிழுத்தது. 2006 ஏப்ரலிற்றான் பழைய நேரம் மீண்டது. விடுதலைப் புலிகளின் நிருவாகத்திலிருந்த பகுதிகள் அம்மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே அந்நாட்களில் சோதனைச்சாவடியைக் கடந்தவர் அரைமணி நேரத்தையும் சேர்த்தே கடந்தார்; பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டறிந்த பின்னரே பஸ்ஸுக்கும் வைத்தியசாலைக்கும் புறப்பட வேண்டியிருந்தது. கடிகாரம் மீண்ட அதே 2006இல் மாவிலாற்று மதகை வைத்து மூண்ட யுத்தம் இம்மக்களை ஊரோடு பெயர்த்தது. அத்தகையோரின் பிள்ளைகளைப் பார்த்து, உன் நேரத்துக்கு நீயே அதிபதி என்று சொல்வதற்கு ஓர் அசாத்தியத் துணிவு வேண்டும்.

இவற்றினும் என்னை வருத்துவது ஒன்றுண்டு. வறுமையினால் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ப் போன தாய்மார் இப்பகுதிக் கிராமங்களிற் பலர். அங்கே ஒரு வீட்டில், எசமானரும் எசமானியும் பிள்ளைகளும் குறித்த நேரத்தில் எழுந்து, குளித்து, உண்டு, அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் பிந்தாமற் போகும்படி, எல்லோர்க்கும் முன்னே எழுந்து அடுப்படியில் நிற்பவள் அந்தத் தாய். திரொலப்பின் கிழவரும் பெனற் பெயர்சொல்லாது விட்ட பெண்ணும் இவளே. அந்த வீட்டின் ஒழுங்கு இவளுடைய நேரத்தினால் ஆனது. இவள் பிள்ளையோ இங்கே அம்மம்மாவின் வீட்டில், தம்பியை எழுப்பி, முகங்கழுவி, உடுப்புப் போட்டுவிட்டு, பாடசாலைக்குப் பிந்தி வருகிறாள். பிந்தி வந்தவளை மண்டபத்தின் கடைசி வரிசையில் இருத்தி, வெற்றியாளர் ஒருபோதும் பிந்துவதில்லை என்று போதிக்கிறோம். அவளுக்கு அன்று கிடைக்கும் கல்வி என்ன? தன் வீட்டுக் குறையெல்லாம் தன் குணத்தின் குறையென்பது. இதைக் கடுமையான வார்த்தை என்பார்கள்; நேர முகாமைத்துவம் என்ற இப்போதனை முழுவதுமே, எசமானர்கள் தங்கள் சௌகரியத்துக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட நற்பெயர் என்று இன்னுங் கடுமையாகச் சொல்லவும் நான் தயங்கமாட்டேன்.

கட்டம் போட்ட நேரசூசிக்கு மூலபுருஷராகிய பெஞ்சமின் பிராங்கிளினே இதிற் பாதியை அறிந்திருந்தார். அவர் தம் சுயசரிதையில் வரைந்த அட்டவணை, 5 மணிக்கு எழுவது முதல் இரவு 10 மணிக்கு உறங்குவது வரை, இன்றைக்கும் கருத்தரங்குக்காரரின் திரையில் வருகிறது. ஒழுங்கு என்னும் அந்தக் குணமே மற்றெல்லாக் குணங்களினும் தமக்கு அதிக தொல்லை கொடுத்ததென்றும், தன் நேரம் தன் கையிலிருக்கும் ஒருவனுக்கு அது சாத்தியமாகலாம், பிறர் வரும் வேளையில் அவர்களுக்கு முகங்கொடுத்தே தீரவேண்டியவனுக்கு அதை அச்சொட்டாய்க் கைக்கொள்ள முடியாதென்றும் அவர் அதே நூலில் எழுதியது மட்டும் திரைக்கு வருவதில்லை.

நம்மவருள்ளே உதாரணம் இல்லையா என்று நண்பர் கேட்டார். விபுலாநந்த அடிகளைச் சொன்னார். வேலைக்காரர் வைத்திராத துறவி. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளை நடத்தியவர். அண்ணாமலையிலும் கொழும்பிலும் தமிழ்ப் பேராசிரியர். வலிமையான உதாரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்குச் சாட்சி சொல்கிறது? அவர் இயற்றிய யாழ்நூல் சுமார் 14 ஆண்டு ஆராய்ச்சியில் விளைந்தது. அந்த ஆண்டுகளில் அவரைப் பாடசாலையும் பல்கலைக்கழகமும் இமயமலைச் சாரலில் ஒரு பத்திரிகையின் ஆசிரியப் பணியும் மாறிமாறி அழைத்துக்கொண்டன. தம் நேரம் தம்முடையதாயிருந்த காலம் அவருக்கு அரிது. 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. மறுமாதம் அவர் மறைந்தார். கால்மணிக் கட்டங்களை எத்தனை அடுக்கினாலும் அதற்குள் அடங்காத உழைப்பு இது. அதற்கு இடங்கொடுத்தவை ஒரு மடமும் ஒரு சங்கமும் சில பல்கலைக்கழகங்களும்.

"அப்படியானால் பிள்ளைகளுக்கு என்னத்தைத்தான் சொல்வது?" என்றார் நண்பர், சற்றே கோபத்துடன். பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன் பெரியவர்கள் செய்யவேண்டியது இருக்கிறது என்றேன். திருகோணமலை மட்டக்களப்பு வீதியில் துறைக்குத் துறை, பாதை என்னும் மிதவைக்காகக் காத்துநின்ற காலம் அவருக்கும் நினைவிருக்கும். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் நோயாளியும் மீன்பெட்டியும் பரீட்சைக்குப் போகும் பிள்ளையும் ஒன்றாய்க் காத்திருந்தனர். 2009இல் கிண்ணியாவிலும், பின்னர் வெருகலாறு உள்ளிட்ட ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தபோது, இப்பிரதேசத்துச் சனங்களுக்கு மீண்டு கிடைத்த மணித்தியாலங்களை எந்தக் கருத்தரங்கும் கொடுத்ததில்லை. அவற்றைப் பெறுவதற்காக ஒருவரும் தம் குணத்தைத் திருத்திக்கொள்ளவுமில்லை. அதுபோல யானைவேலியை அறுந்த இடத்தில் உடனே முடிந்து, மின்சாரம் ஓடவைத்துப் பராமரித்தால், பரணில் இருக்கும் தகப்பனுக்கு ஓரிரவு உறக்கமும், விடிந்ததும் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிப் பாடசாலையில் இறக்கிவிட ஒரு தென்பும் கிடைக்கும். அடுத்த கருத்தரங்குக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவென்று நண்பரிடம் கேட்டிருக்கிறேன். வேலிக் கம்பியின் விலையை நான் விசாரித்து வைத்திருக்கிறேன்.