பழைய மறையும் புதிய உரையும்: திருச்சபைத் தந்தையர் முதல் தங்கவயல் பௌத்தர் வரை

தனக்கு முன்பே வேறொரு மரபினரால் ஓதப்பட்டு வந்த நூலை ஒரு சமூகம் தன் நூலாக ஏற்று, அதற்குப் புதிய பொருள் கண்டு, அப்பொருளே நூலின் மெய்ப்பொருள் என்று நிலைநாட்ட முற்படுவது உரை வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது. கோலார் தங்கவயலில் அச்செயல் இரு வடிவங்களில் அருகருகே நடந்தது. வடார்க்காடு, சேலம், சித்தூர் வட்டாரங்களிலிருந்து வந்து நந்திதுர்க், சாம்பியன் ரீப்ஸ், மாரிகுப்பம், உரிகம் ஆகிய சுரங்கப் பகுதிகளின் லைன் வீடுகளில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களில் ஒரு சாரார், எபிரேயத் தீர்க்கதரிசியான ஏசாயாவின் ஏட்டை இயேசுவைக் குறித்ததாக ஆலயங்களில் கேட்டார்கள். மற்றொரு சாரார், குறளையும் ஆத்திசூடியையும் புத்தரைக் குறித்தவையாகச் சாக்கிய பௌத்த சங்கத்தில் கேட்டார்கள். பின்னதன் அளவுகோல்களை மதிப்பிட விரும்புவோர், உலகில் மிக விரிவாகப் பதிவாகியுள்ள முன்னதிலிருந்து தொடங்குவதே முறை.

முதல் நூற்றாண்டுக் கிறித்தவர்களுக்கு மறைநூல் என்றால் யூதரின் மறைநூலே; 'பழைய ஏற்பாடு' என்னும் பெயர் பிற்பாடு வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் அதை எபிரேயத்தில் படிக்காமல், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய 'எழுபதின்மர்' எனப்படும் கிரேக்கப் பெயர்ப்பில் படித்தார்கள். புத்துரை காணும் வழக்கத்தையும் யூதரிடமிருந்தே பெற்றார்கள்: அலெக்சாந்திரிய யூதரான பிலோ, மோசேயின் நூல்களில் வரும் மனிதரையும் இடங்களையும் ஆன்மாவின் நிலைகளாகப் படித்தார்; கும்ரான் குகைச் சுவடிகளை விட்டுச்சென்ற யூதக் குழுவினர், ஆபகூக்கின் சொற்கள் தங்கள் காலத்து நிகழ்ச்சிகளையே சுட்டுகின்றன என்று உரை எழுதினார்கள். ஆகவே கிறித்தவ வாசிப்பு யூத மரபுக்குள் எழுந்த ஒரு கிளை வாசிப்பாகவே தொடங்கியது என்பதை மறந்தால் பின்னர் நடந்த எதுவும் விளங்காது.

அவர்கள் முதலில் கையாண்ட முறை 'முன்னடையாளம்' காண்பது. பழைய நிகழ்ச்சி உண்மையாக நடந்தது, ஆனால் பின்னர் வரப்போகும் பெரிய நிகழ்ச்சியின் சாயலாகவும் நடந்தது என்பது இதன் கருத்து. பஸ்காவின் ஆட்டுக்குட்டியும், விறகைச் சுமந்து மலையேறிய ஈசாக்கும், மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்த யோனாவும் இவ்வாறே படிக்கப்பட்டார்கள். முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட கிளமெந்தின் மடல், எரிகோவில் ராகாப் கட்டிய சிவப்புக் கயிற்றையும் மீட்பரின் குருதிக்கு அடையாளமாகக் கொண்டது. இம்முறையில் மூலக்கதை அழிவதில்லை. அதன்மேல் இன்னொரு பொருள் ஏற்றப்படுகிறது.

பர்னபாவின் பெயரால் வழங்கும் மடல் இந்த எல்லையைத் தாண்டியது. ஆபிரகாமின் வீட்டு ஆட்கள் 318 பேர் என்ற தொகையைக் கிரேக்க எழுத்தெண்களாக எழுதி, பதினெட்டில் இயேசுவின் பெயரின் முதலிரண்டு எழுத்துகளையும் முந்நூற்றில் சிலுவை வடிவான எழுத்தையும் அது கண்டது. ஆபிரகாமுக்குக் கிரேக்க எழுத்து தெரியாது என்பது அதன் ஆசிரியருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. இதைவிடப் பெரிய குறை, உணவு விதிகளையும் விருத்தசேதனத்தையும் சொல்லுக்குச் சொல் கைக்கொண்ட யூதர் தொடக்கத்திலிருந்தே தவறாகப் புரிந்துகொண்டவர்கள் என்றும் உடன்படிக்கை அவர்களுடையதே அன்று என்றும் அம்மடல் கூறியது. நூலை எடுத்துக்கொண்டு, அதைக் காத்தவரை வெளியேற்றும் வாசிப்பு அங்கே தன் முழு வடிவில் தோன்றுகிறது.

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் எழுதிய 'திரிபோவுடன் உரையாடல்' இவ்வகையில் மிகுந்த கவனத்துக்குரியது. ஏசாயாவின் முன்னறிவிப்பு எசேக்கியா மன்னனைக் குறித்தது என்று யூதரான திரிபோ சொல்லும் மறுப்பை யுஸ்தீன் தம் நூலிலேயே பதிந்து வைத்தார். எதிர்த்தரப்பின் குரலுக்கு ஏட்டில் இடம் தந்தமை அவருடைய பெருமை. ஆனால் அதே நூலில், யூதர் மறைநூலிலிருந்து சில தொடர்களை வெட்டி நீக்கிவிட்டார்கள் என்றும் அவர் குற்றம் சாட்டினார். ஆண்டவர் 'மரத்திலிருந்து' ஆளுகிறார் என்று ஒரு திருப்பாடலில் இருந்ததாக அவர் காட்டிய சொல், எபிரேய மூலத்தில் இல்லாதது. கிறித்தவர் கைப்பட்ட படிகளில் சேர்ந்தது. நீக்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் எதையும் நீக்கவில்லை. இதே காலத்தில் மார்சியோன் பழைய மறையை முற்றாகத் தள்ளிவிட முயன்றபோது ரோமச் சபை அவரை ஏற்க மறுத்தது. லியோன் நகர ஆயர் இரேனியு, படைத்தவரும் மீட்டவரும் ஒருவரே என்று வாதிட்டு இரு ஏற்பாடுகளையும் ஒரே வரலாறாக இணைத்தார். அவ்வாறு இணைத்திராவிட்டால் ஆதியாகமமும் சங்கீதங்களும் தமிழ் ஆலயங்களில் இன்று ஒலித்திருக்காது.

அலெக்சாந்திரியப் பள்ளியின் தலைமகன் ஓரிகன். உடல், உயிர், ஆவி என்று மனிதனுக்கு மூன்று கூறுகள் இருப்பதுபோல மறைநூலுக்கும் சொற்பொருள், ஒழுக்கப்பொருள், ஆவிக்குரிய பொருள் என மூன்று உண்டு என்றார். அவருடைய உருவக விளக்கங்கள் சில இடங்களில் கட்டுக்கடங்காமல் ஓடுகின்றன என்பது உண்மையே. ஆயினும் செசரியாவில் யூத அறிஞர்களிடம் கேட்டறிந்து, எபிரேய மூலத்தையும் கிரேக்கப் பெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் அருகருகே எழுதி அவர் உருவாக்கிய 'எக்சாப்ளா' என்னும் பெருந்தொகுப்பு, உரை நேர்மையின் முதல் பெரிய நினைவுச்சின்னம். யூதரோடு வாதிடும்போது அவர்களுடைய படியில் இல்லாததை அவர்களுக்கு எதிராகக் காட்டக் கூடாது என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்று அவரே விளக்கியிருக்கிறார். யுஸ்தீனுக்கும் ஓரிகனுக்கும் இடையே நூறாண்டுகூட இல்லை. ஆனால் அளவுகோல் வெகுவாக உயர்ந்துவிட்டது.

அந்தியோக்கியப் பள்ளியினர், வரலாற்றுப் பொருளை விட்டுவிட்டு உருவகத்துக்குத் தாவுவதை எதிர்த்தார்கள். தர்சு நகரத் தியோதோரின் மாணவரான மொப்சுவெஸ்தியா ஆயர் தெயோதோர், திருப்பாடல்களில் நான்கை மட்டுமே நேராகக் கிறிஸ்துவைக் குறித்தவையாக ஏற்று, மற்றவற்றை இஸ்ரயேலின் வரலாற்றுக்குள் வைத்துப் படித்தார். 428இல் இறந்த அவருடைய கருத்துகள் 553இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தில் கண்டிக்கப்பட்டன. எனினும் சிரியாக் மொழித் திருச்சபை அவரை 'உரையாசிரியர்' என்றே போற்றிவந்தது. அம்மரபு கேரளத்தின் தோமா கிறித்தவரிடமும் வந்தது. 1599இல் போர்த்துகீசியர் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம் அவர்களுடைய சிரியாக் ஏடுகளைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டபோது, இந்தியாவில் வேர்விட்டிருந்த ஓர் உரை மரபின் பெரும்பகுதி அழிந்தது. தென்னிந்திய அறிவு வரலாற்றுக்கு அது பேரிழப்பு.

மேற்கில் ஜெரோம் பெத்லகேமில் யூத ஆசிரியரிடம் பாடம் கேட்டு எபிரேயத்திலிருந்தே லத்தீனுக்குப் பெயர்த்தார். அகுஸ்தீன் இரண்டு அளவுகோல்களைத் தந்தார். கடவுள்மீதும் அயலார்மீதும் அன்பைக் கட்டியெழுப்பாத விளக்கம் மறைநூலைப் புரிந்துகொண்டதாகாது என்பது ஒன்று. எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரயேலர் அந்நாட்டுப் பொன்னைக் கொண்டுசென்றது போல, பிறருடைய கல்வியில் உள்ள உண்மையை எடுத்து நல்வழியில் பயன்படுத்தலாம் என்பது மற்றொன்று. அப்பொன் எகிப்தியர் படைத்ததன்று, இறைவனின் பராமரிப்பு என்னும் சுரங்கங்களிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டது என்று அவர் விளக்குவது தங்கவயல் வாசகர் நின்று படிக்கத்தக்க இடம். ஆனால் அதே அகுஸ்தீன், யூதர் கிறித்தவருக்காக ஏடு சுமக்கும் பணியாளர் என்றும் எழுதினார். அவருக்குச் சற்று முன் 386, 387ஆம் ஆண்டுகளில் கிறிசோஸ்தோம், யூதத் தொழுகைக்கூடங்களுக்குச் சென்றுவந்த கிறித்தவரைத் தடுக்க அந்தியோக்கியாவில் ஆற்றிய உரைகள் யூதர்மீது வசையாகவே பொழிந்தன. யுஸ்தீன் ஒடுக்கப்பட்ட சிறுபான்மையிலிருந்து பேசியவர், தம் நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர். கிறிசோஸ்தோம் பேசியபோதோ பேரரசு கிறித்தவருடையதாகிவிட்டது. ஒரே வகை விளக்கம், ஆட்சி கைமாறிய பின் அயலார்மேல் சுமையாக விழுந்தது. எந்த மறுவாசிப்பையும் அளக்கும்போது, அது யாரிடமிருந்து யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதைச் சேர்த்தே அளக்க வேண்டும்.

தமிழுலகில் பழைய ஏற்பாடு எதிர்த்திசையிலும் படிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருடன் பைபிள் பெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகார'த்தில், கோயில் வழிபாட்டை இகழ்ந்த கிறித்தவருக்கு அவர்களுடைய மறையிலேயே உள்ள கூடாரம், தூபம், விளக்கு, பலி, தீட்டு விதிகளை எடுத்துக்காட்டி விடையளித்தார். கிறித்தவர் சாயல் என்று கடந்துபோன லேவியராகமத்தை அவர் சொற்பொருளில் நின்று படித்தார்.

தங்கவயலின் மறுவாசிப்பு அயோத்திதாசரிடமிருந்து வந்தது. 1845இல் பிறந்த அவர் 1898இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அவ்வாண்டளவிலேயே மாரிகுப்பத்தில் சங்கக் கிளை எழுந்தது. பின்னர் சாம்பியன் ரீப்ஸில் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய தொடர்களை நூல்களாக அச்சிட்டது. இன்று தீண்டாதாராக ஒதுக்கப்பட்டோர் பண்டைப் பௌத்தரே, அவர்களுடைய நூல்களே தமிழின் மூத்த நூல்கள், வேற்றார் கைப்பட்டு அவற்றின் பொருள் திரிந்துவிட்டது என்பது அவருடைய அடிப்படை. முப்பாலும் திரிபிடகமும் மும்மூன்றாக அமைந்திருப்பதைக் கொண்டு குறளைத் 'திரிக்குறள்' என்றும், ஆதிபகவனைப் புத்தர் என்றும், ஐம்பொறிகளை வென்றதால் புத்தரே 'இந்திரர்' என்றும், அவரால் இந்நாடு 'இந்திரர் தேசம்' என்றும் உரை கண்டார். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், வெற்றிவேற்கை ஆகிய மூன்றையும் 'திரிவாசகம்' என ஒருங்கே தொகுத்தார்.

இம்முறை அலெக்சாந்திரியப் போக்கோடு நெருங்கியது: பெயரும் எண்ணும் திருவிழாவும் யாவும் மறைந்த ஒரு பொருளைக் காட்டி நிற்கின்றன. நூல்கள் திருத்தப்பட்டன என்ற அவருடைய குற்றச்சாட்டோ யுஸ்தீனை நினைவூட்டுகிறது. அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் பலவும் மொழியியல் ஆய்வில் நிற்பவை அல்ல. ஆத்திசூடியின் கடவுள் வாழ்த்து சிவனைச் சுட்டுவதையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அவர் வெறுங்கையோடு பேசியவர் அல்லர். நிகண்டுகளையும் மணிமேகலை, சிந்தாமணி, வீரசோழியம் முதலிய நூல்களையும் சான்றாக வைத்தார். வாசகர் கேள்விகளுக்கு இதழிலேயே விடை தந்தார். தம் பாட்டனார் கந்தப்பன், தாம் பணிசெய்த ஆரிங்டன் துரையிடம் கொடுத்த குறள் ஓலைகள்தாம் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸின் கைக்குச் சென்றன என்று அவர் எழுதியது, நூலைக் காத்த குடியினர் என்ற உரிமைக் கோரிக்கையே. இங்கேதான் பண்டைக் கிறித்தவரிடமிருந்து அவர் அடிப்படையில் வேறுபடுகிறார்: அவர்கள் பிறர் காத்த நூலைத் தமதாக்கினார்கள், அவரோ தம்மவர் காத்த நூல் தம்மவரிடமிருந்தே பறிபோனதாக வழக்குரைத்தார். அந்த வழக்கின் பின்னால் பேரரசோ மடமோ நிலவுடைமையோ இல்லை. இருந்தவர்கள் சுரங்கத்தில் இறங்கி உழைத்த தொழிலாளர்கள். தங்கள் கூலியிலிருந்து இதழையும் நூல்களையும் வாங்கி வாழவைத்தவர்கள்.

சங்கத்துக்குள்ளும் பள்ளிகள் ஒன்றாக இருக்கவில்லை. அறிவியல் பயின்ற லட்சுமி நரசு, 1907இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பௌத்த சாரம் பற்றிய நூலில், பழைய ஏடுகளையும் அண்மைய ஆய்வையும் கொண்டு அறிவுக்கு ஒத்த புத்தரைக் காட்ட முயன்றார். இது அந்தியோக்கியரின் மனப்பாங்குக்கு அருகில் நிற்பது. அந்நூலை 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். சாம்பியன் ரீப்ஸிலிருந்து 1926இல் 'தமிழனை' மீண்டும் நடத்தத் தொடங்கிய அப்பாதுரையார், அயோத்திதாசரின் தமிழ்ப் பற்றையும் நரசுவின் பகுத்தறிவையும் ஒருங்கே ஏற்று, சுயமரியாதை இயக்கத்தோடும் கைகோத்தார். அவருடைய 'புத்தர் அருளறம்' அந்த இணைப்பின் முதிர்ந்த கனி. இவ்வூர் தமிழுக்குத் தந்த நூல்களுள் முதலிடம் அதற்கே உரியது.

1914இல் அயோத்திதாசர் மறைந்தபோது குறளுரை முற்றுப்பெறாமல் நின்றது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து, ஒரு கத்தோலிக்க நிறுவனத்தின் முயற்சியாக வெளிவந்த பிறகே தமிழ் ஆய்வுலகம் இவ்வுரையை முழு அளவில் காணத் தொடங்கியது. ஓரிகன் ஆறு பத்திகளில் செய்ததைப் போல, அயோத்திதாசர் கொண்ட பாடத்தையும் பிற உரைகாரர் கொண்ட பாடத்தையும் அவர் காட்டும் நிகண்டுச் சான்றுகளையும் அருகருகே வைத்துக் காட்டும் பதிப்பு ஒன்றே அடுத்து வேண்டப்படுவது. எந்த விளக்கம் நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதை அவருடைய அன்பரும் மறுப்பவரும் அப்போது ஒரே பக்கத்தில் காண முடியும்.