நாணயமும் நாடோடியும்: இப்னு பதூதாவின் ரிஹ்லா குறித்து

இப்னு பதூதாவின் ரிஹ்லா நம்மிடையே பெரும்பாலும் அதிசயங்களின் தொகுப்பாகவே வாசிக்கப்பட்டு வருகிறது. மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் கொடுமைகள், மஅபரில் பரவிய கொள்ளைநோய், சரந்தீபின் பாவா ஆதம் மலை ஆகியவையே நம் கட்டுரையாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளும் பகுதிகள். அந்நிய மண்ணில் ஊதியம் பெற்று, கடன் வாங்கி, கடன் தீர்த்து வாழ்ந்த ஒருவரின் பணவாழ்க்கைப் பதிவாக அந்நூலை வாசித்தவர் குறைவு. அப்படி வாசிக்கும்போது அதன் வலிமையோடு அதன் பெரும் மௌனமும் புலப்படுகிறது.

1333-இல் சிந்து நதிக்கரையை அடைந்த அவர், பின்னர் தில்லியில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் தீனார் ஊதியத்தில் காஜியாக அமர்த்தப்பட்டார். வெளிநாட்டவர் எவ்வாறு அங்கே காலூன்றினர் என்பதை அவர் மறைக்காமல் சொல்கிறார். சுல்தானுக்குக் காணிக்கை செலுத்துவோர்க்குப் பன்மடங்கு திருப்பிக் கிடைக்கும். அதை அறிந்த வணிகர்கள், புதிதாய் வருவோர்க்குக் குதிரையும் பொருளும் பணமும் கடனாகக் கொடுத்து, சுல்தானின் வெகுமதியிலிருந்து லாபத்தோடு பெற்றுக்கொள்வர். இவ்வழியில் நம் பயணியின் கடன் ஐம்பத்தையாயிரம் தீனாராக வளர்ந்தது. கடன்காரர்கள் நெருக்க, அரண்மனைக் கருவூலமே அதைத் தீர்க்க வேண்டியதாயிற்று. சுல்தான் அளிக்கும் எத்தொகையிலும் பத்தில் ஒரு பங்கு பிடித்தம் உண்டு என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. தில்லியின் பொன் தங்கா மக்ரிபின் இரண்டரை தீனாருக்குச் சமம் என்று கணக்கிட்டுச் சொல்லும் இடத்தில், சம்பளநாளில் ரியாலை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் நம் வளைகுடா உறவினரையே காண்கிறோம்.

ஆனால் முஹம்மது பின் துக்ளக்கின் அடையாள நாணயம் பற்றி ரிஹ்லாவில் ஒரு சொல்லும் இல்லை. ஹிஜ்ரி 730 முதல் 732 வரை செம்பிலும் பித்தளையிலும் அச்சிடப்பட்டு, வெள்ளித் தங்காவின் மதிப்பில் செல்லுபடியாகுமென அறிவிக்கப்பட்ட அந்நாணயம் திரும்பப் பெறப்பட்டு, ஓரிரு ஆண்டுகளிலேயே இவர் நாட்டுக்குள் நுழைகிறார். அவரே காஜி, கடன் வழக்குகள் அவர் காதில் விழாதிருந்திருக்க முடியாது. வீடுதோறும் கள்ள நாணயம் அச்சடிக்கப்பட்டதையும், திரும்பி வந்த செப்புக்காசுகள் துக்ளகாபாத்தில் மலையாய்க் குவிந்து கிடந்ததையும் சொல்பவர் ஜியாவுத்தீன் பரணி. அவரோ பணம் இழந்தவர்களின் நாட்டிலேயே பிறந்தவர். கசப்பும் சார்பும் அவர் எழுத்தில் மிகுதி. இப்னு பதூதா தாம் வருவதற்கு முன் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என வாதிடலாம். தாம் வருவதற்கு முன் நடந்த தில்லி அரியணைச் சண்டைகளை மட்டும் அவர் விரிவாகவே எழுதுகிறாரே! அந்நியருக்கு வெகுமதியாய் ஊதியம் வந்துகொண்டிருக்கும்வரை, உள்ளூரார் கையில் செல்லாமற்போன காசு அவர் கண்ணுக்குச் செய்தியாகவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

வங்காளப் பகுதி இதற்கு நல்ல சான்று. அங்கே அரிசியின் மலிவை வியந்து, ஒரு வெள்ளித் தீனாருக்கு தில்லி அளவையில் இருபத்தைந்து ரத்ல் விற்பதைக் கண்டதாகச் சொல்கிறார். உடனே, அதையும் விலையேற்றம் என்றே அவ்வூரார் சொல்லக் கேட்டதாக நேர்மையோடு சேர்க்கிறார். இவ்விரு வாக்கியங்களுக்கு இடையில்தான் குடியேறியவருக்கும் குடிமகனுக்கும் உள்ள தூரம் அடங்கியிருக்கிறது. திருப்பருத்திக்குன்றத்துத் தறிகளில் பொன் வெள்ளி விலையோடு சரிகை விலை ஏறும்போது, கூலி மட்டும் நின்ற இடத்தில் நிற்பதைக் கண்டவர்களுக்கு இது விளக்கம் வேண்டாத செய்தி. மாலத்தீவில் சோழியே நாணயம். ஒரு பொன் தீனாருக்கு நான்கு லட்சம் சோழி, சில சமயம் அதைவிடப் பன்மடங்கு என்கிறார். அதே சோழியை மாலியில் தீனாருக்கு ஆயிரத்து நூற்றைம்பது என்று விற்கக் கண்டதாகவும் சொல்கிறார். (யமன் நாட்டார் கப்பலில் மணலுக்குப் பதில் சோழியைப் பாரமாக ஏற்றுவார்களாம்.) பணத்தின் மதிப்பு இடத்தைப் பொறுத்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் கண்டவர், அது காலத்தைப் பொறுத்தும் சரியும் என்பதைக் காணவில்லை. சீனத்தின் காகிதப் பணத்தைப் புகழ்ந்தார். அவர் சென்றதாகக் கருதப்படும் காலத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1350-க்குப் பின், யுவான் அரசின் அந்தக் காகிதமே மதிப்பிழந்தது.

நம் மக்களின் அனுபவமோ இதற்கு நேர்மாறானது. பர்மாவில் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் விழும் நாணயத்திலேயே ஈட்டினார்கள், விழும் நாணயத்திலேயே கடன் கொடுத்தார்கள். 1962-இல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். மறு ஆண்டு வங்கிகளும் 1964-இல் கடைகளும் அரசுடைமையாயின. அதே 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. கப்பலேறிச் சென்னை வந்தவர்களில் பலர், தம் சேமிப்பில் பெரும்பகுதியை அங்கேயே விட்டு வந்தவர்கள். பின் வந்த பர்மா பஜாரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. விட்டு வந்த கணக்கை எழுதிய ரிஹ்லா நம்மிடம் இல்லை.

இது இலக்கியக் குறை மட்டுமன்று. ரங்கூனில் 1963-இல் ஒருவர் மற்றொருவருக்கு நூறு கியாத் நோட்டுகளில் கொடுத்த கடனை, இருவரும் தாயகம் திரும்பியபின் எப்படித் தீர்ப்பது? மதிப்புக் குறைவதும் நாணயமே செல்லாமற்போவதும் வேறுவேறு என்று ஃபுகஹாக்கள் பிரித்தே பேசியிருக்கிறார்கள். வாங்கியதற்கு நிகரானதையே திருப்பினால் போதும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. கடன் கைக்கு வந்த நாளின் மதிப்பைத் தர வேண்டும் என்பது இமாம் அபூயூசுஃபின் கருத்து. வழக்கில் இருந்த கடைசி நாளின் மதிப்பு என்பது இமாம் முஹம்மதின் கருத்து. திமிஷ்கின் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) இதற்கெனத் தனி நூலே எழுதினார். ஷாஃபிஈ மத்ஹபு நிகரானதைத் தருதல் என்பதில் உறுதியாய் நிற்க, இமாம் சுயூத்தியும் இதுகுறித்துத் தனி ஆய்வு செய்தார். 1988-இல் குவைத்தில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு அகாடமி, கடன் எந்த நாணயத்தில் ஏற்பட்டதோ அதிலேயே, மதிப்பில் அன்றி அளவில் திருப்பப்பட வேண்டும் என முடிவெடுத்தது. அம்முடிவு நடப்பிலிருக்கும் நாணயத்தின் சரிவுக்கு ஏற்றது; ரத்துசெய்யப்பட்ட நோட்டுக்கு அதை நேராகப் பொருத்துவது, கடன் கொடுத்தவரை இரண்டாம் முறை வெறுங்கையோடு அனுப்புவதாகவே முடியும்.

பர்மாவில் அது அத்தோடு நிற்கவில்லை. 1985-இல் மீண்டும் பெரிய நோட்டுகள் ரத்தாயின. 1987 செப்டம்பரில் இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாத் நோட்டுகள் இழப்பீடின்றிச் செல்லாமற்போக, அவற்றுக்கு மாற்றாக வந்தவை நாற்பத்தைந்தும் தொண்ணூறும், ஒன்பதால் வகுபடும் எண்கள்.