தியாகம் என்னும் ஒற்றைச் சொல்

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறுகிறவர்கள் கூடலூரைத் தாண்டித்தான் வரவேண்டும். அதே தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளை, அதாவது ஆநிரை கவர்தலை ஒட்டி, தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அந்த ஊர் இந்தக் கூடலூரே என்பாரும் உண்டு. பெயர், ஊர், நிகழ்ச்சி, அவ்வளவுதான். அலங்காரம் எதுவும் கிடையாது.

நம்ம ஆண்டுமலர்களில் நிலைமை தலைகீழ். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் நாம் மலையாளப் பத்திரிகையின் 'வீரமிருத்யு'வையும் சேர்த்துக்கொண்டு, போர்வீரர் எப்படி இறந்தாலும் 'தியாகம்', 'தற்கொடை' என்று எழுதிவிடுகிறோம். புகழ்ச்சி போலத் தோன்றினாலும் இது அவர் செய்ததை மறைப்பதே ஆகும்.

பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் 1946இல் பிறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் 1987 நவம்பர் 25 இரவு, தேடுதல் முடிந்து திரும்பிய அவரது படையினர் பதுங்கியிருந்தவர்களால் தாக்கப்பட்டனர். அவர் பின்புறமாகச் சுற்றி வளைத்தார். நேருக்கு நேர் மோதலில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டார். கடைசி மூச்சுவரை ஆணையிட்டார். பரம்வீர் சக்கரம் பெற்ற அவர் சாவைத் தேடிப் போகவில்லை. சாவு நேரலாம் என்று தெரிந்தே கடமையைச் செய்தார்.

1971 டிசம்பர் 9இல் அரபிக்கடலில் குக்ரி போர்க்கப்பல் மூழ்கியபோது, கேப்டன் மகேந்திரநாத் முல்லா தம் மாலுமிகளைக் காப்பாற்ற முனைந்து, கப்பலை விட்டு வராமல் அதனுடனேயே மூழ்கினார். இதில் சாவு உறுதி. பிறர் பிழைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

1987 ஜூலை 5இல் நெல்லியடி முகாமுக்கு வெடிமருந்து வண்டியை ஓட்டிச் சென்ற புலிகளின் மில்லர் விஷயம் முற்றிலும் வேறு. அங்கே சாவே ஆயுதம். 'தற்கொடை' என்பது அத்தகைய தாக்குதலுக்குப் புலிகள் இட்ட பெயர். அதையே பரமேஸ்வரனுக்கும் சூட்டலாமா?

"சாகணும்னேவா போனார்?" என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால், நம் கட்டுரை என்ன பதில் சொல்லும்? சாவதே வீரம் என்றல்லவா அவர்கள் கற்றுக்கொள்வார்கள்! ஆகவே இனி எழுதுவோர் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தேர்ந்தார், யாருக்காக என்ற மூன்றையும் முதலில் எழுதட்டும். அதன் பிறகு 'தியாகம்' என்ற சொல் தேவைப்பட்டால் தானே வந்து சேரும்.