வளைவில் ஓடும் பலகை: மாதிரி மரக்கப்பலின் உடலை ரசிப்பது எப்படி

மரக்கப்பலின் உடல் நீளவாக்கிலும் வளைந்தது, குறுக்குவாக்கிலும் வளைந்தது. அதை மூடும் பலகையோ தட்டையானது. தட்டையான பொருளால் இருபுறமும் வளைந்த பரப்பை மடிப்பில்லாமல், இடைவெளியில்லாமல், தண்ணீர் புகாமல் மூட வேண்டும். பழைய கப்பல் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீர்த்துவந்த இந்தக் கணக்கை, மாதிரிக் கப்பல் செய்பவர் மில்லிமீட்டர் அளவில் மறுபடியும் தீர்க்கிறார். மாதிரியின் பாய்மரங்கள், கயிறுகள், பீரங்கிகள் எல்லாம் கண்ணை உடனே இழுப்பவை. ஆனால் செய்தவரின் கை எப்படிப்பட்டது என்பதை உடலின் பலகை வரிகள்தான் காட்டிக்கொடுக்கும்.

கப்பலின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகெலும்பு மரத்துக்கு ஏரா என்று பெயர். அதிலிருந்து இருபுறமும் விலா எலும்பாக எழுபவை வங்குகள். வங்குகளின் மேல் பலகை வருகிறது. முன்முனையிலிருந்து பின்முனைவரை ஒரே ஓட்டமாகச் செல்லும் பலகைத் தொடர் ஒரு வரி. மாதிரிகள் எல்லாம் இந்த முறையில் செய்யப்படுவதில்லை. ஒரே மரக்கட்டையைச் செதுக்கி உடலாக்குவது ஒரு வகை. இன்று பெட்டியில் விற்கும் தொகுப்புகளில் பெரும்பாலானவை இன்னொரு வகை: நடுவே ஒரு பிளைவுட் தகடு, அதில் குறுக்காகச் செருகிய சில தடுப்புகள், அவற்றின் மேல் பட்டை பட்டையாக மரம். இதில் பெரும்பாலும் இரண்டு அடுக்கு உண்டு. முதல் அடுக்கு மலிவான மரத்தில் உருவத்தைத் தருகிறது. அதை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்த பிறகு மெல்லிய இரண்டாம் அடுக்கு ஏறுகிறது. மூன்றாவது வகைதான் உச்சம். நிஜக் கப்பலைப் போலவே வங்குகளை ஒவ்வொன்றாக நிறுத்தி அவற்றின் மேல் பலகை பதிப்பது அது.

அந்த மூன்றாவது வகையின் பெரும் செல்வம் இங்கிலாந்தின் கடற்படை வாரிய மாதிரிகள். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுச் செய்யப்பட்ட இவற்றில் மிகப் பல 1:48 அளவில் அமைந்தவை. நிஜக் கப்பலின் ஓர் அடி, மாதிரியில் கால் அங்குலம். லண்டனின் கிரீன்விச் பகுதியில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இவை ஏராளம். ஹென்றி ஹடல்ஸ்டன் ராஜர்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வந்தர் திரட்டிய புகழ்பெற்ற தொகுப்பு அனாபொலிஸில் உள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மாதிரிகளில் பலவற்றின் கீழ்ப்பாதிக்குப் பலகையே கிடையாது. வங்குகள் அப்படியே திறந்து நிற்கும். மேலே பலகை, கீழே எலும்புக்கூடு என்ற இந்த அமைப்பு, பார்க்கக் கற்றுக்கொள்பவருக்குப் பெரிய வசதி. பலகை எதன்மேல் ஓடுகிறது, ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

பார்வையைத் தொடங்க வேண்டிய இடம் உடலின் நடுப்பக்கம் அல்ல. அங்கே வளைவு மெல்லியது. சுமாரான கையும் அங்கே நன்றாகத் தெரியும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மற்றப் பலகைகளைவிடத் துருத்திக்கொண்டு, பெரும்பாலும் கறுப்பாகச் செல்லும் தடித்த பலகைப் பட்டையை முதலில் பிடிக்க வேண்டும். நிஜக் கப்பலில் உடலை இறுக்கிக் கட்டும் இடுப்புக்கச்சை இதுவே. முன்னும் பின்னும் உயர்ந்து நடுவில் தாழும் இதன் வளைவுதான் மற்ற வரிகளுக்கெல்லாம் வழிகாட்டி. மாதிரியின் முன்முனைக்கு அருகே நின்று, கண்ணைப் பட்டையின் உயரத்துக்கே தாழ்த்தி, அதன் வழியாகப் பின்புறம்வரை பார்க்க வேண்டும். எங்காவது ஒரு மில்லிமீட்டர் தொய்வோ புடைப்போ இருந்தால், பக்கவாட்டில் நின்று பார்த்தபோது தெரியாதது இந்தக் கோணத்தில் தெரிந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாதிரிக்கும் இது பொருந்தும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழுந்தால் இன்னும் நல்லது.

அடுத்து முன்முனை. கணக்கு கடினமாவது இங்கேதான். கப்பலின் நடுவில் ஏராவிலிருந்து தடித்த பட்டைவரை உடலைச் சுற்றி அளந்தால் வரும் நீளம், முன்முனையில் மிகவும் குறைந்துவிடும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் 120 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் அகலத்தில் 20 வரிகள். முன்முனையில் 80 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால், அதே 20 வரிகளும் 4 மில்லிமீட்டராக ஒடுங்க வேண்டும். பூசணிக்காயின் வரிகள் நடுவில் அகன்று காம்பருகே ஒடுங்குவது போன்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு வரியும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கினால் எதுவுமே ஒடுங்கியதாகத் தெரியாது. நல்ல பலகை வேலையின் முதல் இன்பம் இதில்தான் இருக்கிறது.

ஆனால் முன்முனையில் 50 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு வரியும் 2.5 மில்லிமீட்டராகிவிடும், அதாவது பாதிக்கும் கீழ். அவ்வளவு ஒடுங்கிய பலகை முனையில் ஆணி நிற்காது, பிளந்துவிடும். அதனால் கப்பல் தச்சர்கள் அந்த இடத்தில் இரண்டு வரிகளை ஒன்றாக்கிவிடுவார்கள். ஒரு வரி முன்முனைக்குச் சற்று முன்பே நின்றுவிடும். பக்கத்து வரி அகன்று அதன் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். நிற்கும் வரியின் முனை கூர்மையாக முடியாமல் சதுரமாக வெட்டப்பட்டு, அகன்ற பலகையில் செதுக்கிய படியில் உட்கார்ந்திருக்கும். இந்தப் படியைத் தேடிப் பார்ப்பது மாதிரியை மதிப்பிடும் மிக நல்ல வழிகளில் ஒன்று. படி இருந்தால், செய்தவர் நிஜக் கப்பலைப் படித்தவர். அதற்குப் பதிலாக ஊசிபோல் கூர்ந்து முடியும் பட்டைகள் வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தால், தொகுப்பில் வந்த ஒரே அகலப் பட்டைகளை அப்படியே ஒட்டி, மிஞ்சியதை வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். நிஜக் கடலில் அப்படியொரு கப்பல் தண்ணீரை அடக்காது.

வரிகளெல்லாம் முன்முனைக் கட்டையில் செதுக்கிய காடிக்குள் போய் முடிகின்றன. பலகை முனைகள் அந்தக் காடியை எப்படிச் சந்திக்கின்றன என்பதைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது தகும். ஒரே சீரான கோடாக, மக்கு வைத்து அடைத்த தடம் இல்லாமல் இருந்தால், ஒவ்வொரு முனையையும் தனித்தனியே பொருத்திப் பார்த்து, சீவி, மறுபடி பொருத்தியிருக்கிறார் என்று அர்த்தம்.

பின்புறத்தில் நேர்மாறான சிக்கல். அங்கே பல கப்பல்களில் மூட வேண்டிய பரப்பு நடுவைவிட அகலமாக விரியும். எனவே இரண்டு வரிகளுக்கு நடுவே கூடுதலாக ஒரு குட்டைப் பலகை செருகப்படும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கப்பல்களில் பின்புறத்தின் கீழ்ப்பகுதி உருண்டையாக இருக்கும். அதே காலத்து டச்சுக் கப்பல்களில் தட்டையாக வெட்டியது போல் இருக்கும். உருண்டைப் பின்புறத்தில், கீழிருந்து வரும் பலகைகள் குறுகிய தூரத்துக்குள் முறுக்கிக்கொண்டு மேலேறி உள்ளே திரும்ப வேண்டும். நிஜக் கப்பலில் கனத்த ஓக் பலகையை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பலர் சேர்ந்து வளைத்துப் பூட்டுவார்கள். மாதிரியில் தண்ணீரில் ஊறவைத்தும் சூடுகாட்டியும் அதே முறுக்கைக் கொண்டுவருகிறார்கள். ஒரு மாதிரியில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், அது இந்த முறுக்கு. அங்கே வரிகள் உடையாமல், ஒன்றின் விளிம்பு மற்றதைவிட எழும்பாமல் நீரோட்டம்போல் திரும்பினால், மற்ற இடங்களிலும் குறை இருக்க வாய்ப்பில்லை.

ஏராவை ஒட்டிய முதல் வரியையும் விடக் கூடாது. அது முன்முனையில் மேலே ஏறிவிடாமல் தாழ்ந்தே இருக்க வேண்டும். அனுபவம் குறைந்தவர்களின் மாதிரிகளில் அடிக்கடி தெரியும் பிழை, இந்த வரி முன்முனைக் கட்டையின்மேல் ஏறிவிடுவது. அது ஏறினால் அதற்கு மேலுள்ள எல்லா வரிகளும் நெருக்கப்பட்டு வளைந்துவிடும்.

இந்த வரிகளின் ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. உடலின்மேல் நேராகத் தெரியும் பலகையைக் கழற்றித் தரையில் வைத்தால், அது வில்லாகவோ பாம்பு நெளிவாகவோ வளைந்திருக்கும். நேரான பட்டை தன் தட்டைப் பக்கத்தில் எளிதாக வளையும். விளிம்புவாக்கில் வளைய மறுத்து, ஒரு விளிம்பைத் தூக்கிக்கொள்ளும். அதனால் தேர்ந்தவர்கள் முதலில் மெல்லிய ரீப்பர்களையோ நூலையோ உடலின்மேல் ஓடவிட்டுக் கண்ணுக்கு இதமான கோடுகளைத் தேடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு வங்கிலும் அகலத்தைப் பங்கிட்டுக் குறித்து, ஒவ்வொரு பலகையின் உருவத்தையும் அகலமான மரத்தகட்டிலிருந்து வெட்டுகிறார்கள். மரம் நிறைய வீணாகும், நேரம் பல மடங்கு ஆகும். பலனைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். வலுக்கட்டாயமாக வளைத்த பட்டைகளின் விளிம்புகள் மீன் செதிளாக நிழல் காட்டும். உருவம் வெட்டிப் பதித்த பலகைகள் ஒரே பரப்பாக வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது மூட்டுகள். கப்பலின் நீளத்துக்கு மரம் கிடைக்காது. 74 பீரங்கிக் கப்பல் ஒன்றின் பீரங்கித் தளம் ஏறத்தாழ 168 அடி. 1:48 அளவில் அது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். 24 அடிப் பலகை அந்த மாதிரியில் சுமார் 15 சென்டிமீட்டர். எனவே ஒவ்வொரு வரியும் பல பலகைகளால் ஆனது. அவற்றின் முனைகள் சந்திக்கும் மூட்டு வங்கின்மேல்தான் விழ வேண்டும், இல்லாவிட்டால் ஆணி அடிக்க இடம் இராது. பக்கத்துப் பக்கத்து வரிகளின் மூட்டுகள் ஒரே வங்கில் அமைந்தால் அந்த இடம் பலவீனமாகும். ஒரே வங்கில் இரண்டு மூட்டு வந்தால் நடுவே மூன்று வரிகளாவது முழுதாகக் கடந்துசெல்ல வேண்டும் என்பது கப்பல்துறைகளில் பரவலாக இருந்த விதி. நல்ல மாதிரியில் இந்த மூட்டுகள் படிக்கட்டாக இறங்கி ஒழுங்கான கோலம் காட்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே பட்டையை ஓடவிட்ட மாதிரி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எங்கோ ஒரு நிஜமின்மை உறுத்திக்கொண்டே இருக்கும்.

பலகைகளுக்கு இடையே உள்ள கோடு, நிஜக் கப்பலில் கலப்பத்து அடித்த இடம். பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரை இடுக்கில் திணித்து, மேலே கொதிக்கும் கீல் ஊற்றுவார்கள். இதை மாதிரியில் காட்ட, பலகையின் ஒரு விளிம்பில் பென்சில் தேய்ப்பார்கள்; அல்லது மெல்லிய கறுப்புத் தாளை விளிம்பில் ஒட்டுவார்கள். நிஜத்தில் கால் அங்குல இடுக்கு, 1:48 அளவில் 0.13 மில்லிமீட்டர்தான். அதாவது முடியளவு. தடித்த கறுப்புக் கோடுகள் போட்ட மாதிரிகள் தொலைவிலிருந்து கவர்ச்சியாகத் தெரிந்தாலும், அளவு விகிதத்தின்படி அவை கை நுழையும் பிளவுகள். மர ஆணிகளுக்கும் இதே நியாயம். பெரிய கப்பலின் மர ஆணி ஒன்றரை அங்குலம் என்றால் மாதிரியில் 0.8 மில்லிமீட்டர். மூங்கில் குச்சியைத் துளையிட்ட உருக்குத் தகட்டின் வழியே இழுத்து இழுத்து அந்த மெல்லிய அளவுக்குக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கில் பதிக்கிறார்கள். இவ்வளவு உழைத்த பின்னும் அவை உரக்கத் தெரியக் கூடாது. கிட்டப்போனால் தெரிந்து, இரண்டடி விலகினால் மறைந்துவிட வேண்டும். சுற்றிலும் கறுப்பு வளையம் இட்ட புள்ளிகள் உடலின் வடிவத்தைத் தின்றுவிடும்.

மரத் தேர்விலும் அளவு விகிதம் பேசுகிறது. நிஜக் கப்பல் ஓக் என்பதற்காக மாதிரியையும் ஓக்கில் செய்தால், அதன் பெரிய துளைகளும் ரேகைகளும் அந்த அளவில் பொருந்தாமல் துருத்தும். அதனால் பேரி மரமும் பாக்ஸ்வுட்டும் விரும்பப்படுகின்றன. இரண்டும் நெருக்கமான இழை கொண்டவை, கூர்மையான விளிம்பைப் பிடித்து நிற்பவை. ரேகை பலகையின் வளைவோடு ஓடுகிறதா என்பதையும் கவனிக்கலாம்.

இந்த விதிகளுக்கு வெளியே நிற்கும் மாதிரிகள் உண்டு. வைக்கிங் கப்பல்களில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறிச் செல்லும். தேய்த்துச் சமன்செய்ய அங்கே வழியே இல்லை. ஒவ்வொரு விளிம்பும் தன் நிழலோடு வெளியே தெரியும் என்பதால், வரியின் ஓட்டத்தை ரசிக்க இவற்றைவிட நல்ல பாடம் கிடையாது. நெப்போலியன் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் சிறைப்பட்ட பிரெஞ்சுக் கைதிகள், உணவில் மிஞ்சிய எலும்பைச் சீவிப் பலகையாக்கிக் கப்பல்கள் செய்தார்கள். நார்மன் கிராஸ் சிறை முகாமில் கைதிகள் செய்த பொருள்களின் பெரிய தொகுப்பு பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலும்புக் கப்பல்களில் உருவ விகிதம் பிசகியிருப்பதுண்டு. ஆனால் வளைய மறுக்கும் எலும்பைச் சிறு சிறு துண்டுகளாக்கி உலோக ஊசிகளால் பதித்த பொறுமை வணங்கத்தக்கது.

சில மாதிரிகளில் பலகையே தெரியாது. 1780 வாக்கில் இங்கிலாந்துக் கடற்படை தன் கப்பல்களின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்தியது. அக்காலக் கப்பல்களின் மாதிரிகளில் நீர்மட்டத்துக்குக் கீழே தகடுதான் இருக்கும். முழுக்க வண்ணம் பூசிய மாதிரிகளும் உண்டு. அப்போது பார்க்க வேண்டியது வெளிச்சத்தின் பிரதிபலிப்பை. விளக்கின் கோடு உடலின் நீளத்துக்கு உடையாமல் வழுக்கிச் சென்றால் அடியில் பலகை ஒழுங்காக இருக்கிறது. ஒவ்வொரு வங்கின் இடத்திலும் தடுக்கினால், வங்குகளின் விளிம்பைச் சரியாகச் சாய்த்துச் சீவாமலே பலகை ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பலகையை மூடி மறுபக்கம் திறந்துவிடும் வழக்கமும் இன்றைய செய்பவர்களிடம் இருப்பதால், மாதிரியை ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகராமல் மறுபக்கமும் சுற்றிவந்து பார்ப்பது நல்லது.